கடைக் கண்ணாடி ரயிலா, தோட்டத்து ரயிலா? மாதிரி ரயில் சேர்க்க ஆசைப்படுபவருக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் சம்பள வாரத்தில் அப்பாவோடு தெலுக் இந்தானுக்குப் போனால் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பொம்மை ரயில் சுற்றிக்கொண்டிருக்குமாம். வாங்கிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வந்ததில்லை. இப்போது பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், தாமான் வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. மாதிரி ரயில் சேர்க்கலாம் என்று நினைக்கிறார். எந்த அளவில் தொடங்குவது, பழைய சாமானை நம்பி வாங்கலாமா, போட்ட காசு பின்னால் திரும்புமா, வீட்டில் சிரிக்கிறார்களே என்ன சொல்வது? இவைதான் அவர் கேட்டவை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிரிக்கட்டும், விடுங்கள். ரயில் ஒரு சுற்று ஓடியதும் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்பெட்டியின் திருகை யார் பிடிப்பது என்று வீட்டில் சண்டை வரும்.

மற்றதற்கு வருமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள், தம்பி. நீங்கள் எழுதியதில் மூன்று ரயில் இருக்கிறது. ஒன்று, கண்ணாடிக்குள் ஓடியது. இரண்டு, தாப்பா ரோடு ஸ்டேஷனில் ஏறிப் பாட்டி வீட்டுக்குப் போன கேடிஎம் ரயில், அதாவது நம் மலாயா ரயில்வே. மூன்றாவதைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: லயத்துக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போகும் சின்ன ரயில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கங்காணி பார்க்காத நேரத்தில் அதன் பின்னால் தொற்றிக்கொள்வீர்களாம். இந்த மூன்றும் மூன்று தனித்தனிப் பொழுதுபோக்கு. அளவு வேறு, செலவு வேறு, கைக்கு வேண்டிய பழக்கமும் வேறு. இதைப் பிரிக்காமல் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கியவர்கள் வீட்டில் பெட்டி திறக்காத இங்கிலீஷ் எஞ்சின்கள் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எடின்பரோவில் வளர்ந்த ஒரு பையனின் பால்யத்தை அவர்கள் காசு கொடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கண்ணாடி ரயில். அது எது என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, தண்டவாளத்தை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். நீல நிறப் பிளாஸ்டிக் என்றால் அது ஜப்பானின் டோமி கம்பெனி 1959-ல் கொண்டுவந்த பிளாரயில். மின்சாரம் தண்டவாளத்தில் வராது, வண்டிக்குள் பேட்டரி. அன்றைய தண்டவாளத் துண்டோடு இன்றைய துண்டு பொருந்தும் என்பது அதன் பெருமை. உலோகக் கம்பி இரண்டு, பக்கத்தில் திருகு வைத்த கறுப்பு மின்பெட்டி என்றால் இங்கிலாந்தின் ஹார்ன்பியாகவோ, இத்தாலியின் லீமாவாகவோ, ஹாங்காங்கில் செய்து வந்த செட்டாகவோ இருக்கும். இரண்டு கம்பிக்கும் நடுவில் புள்ளி புள்ளியாக உலோகம் தெரிந்திருந்தால் ஜெர்மனியின் மார்க்லின். நம் பக்கத்துக் கடையில் அதை வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, விலை அப்படி.

என் ஊகம் லீமா. அந்தக் காலத்தில் மலிவான செட் அதுதான். ஓடும்போது தையல் மிஷின் மாதிரி கத்தும், சக்கரத்தின் விளிம்பு தடிமனாக இருக்கும், மெதுவாக ஓட்டவே முடியாது. விசென்சாவில் இருந்த அந்தக் கம்பெனி 2004-ல் மூடிப் பெயர் ஹார்ன்பி கைக்குப் போய்விட்டது. பழைய லீமா செட்டுகள் உலகம் முழுக்க வீட்டு அட்டத்திலிருந்து இறங்கி வந்துகொண்டே இருக்கின்றன, அதனால் விலை குறைவு. இந்த ஆசை மட்டும்தான் என்றால் ஒரு செட் வாங்கி மேசைமேல் வட்டம் போட்டு ஓட்டுங்கள். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை. சேகரிப்பு என்றால் நூறு பெட்டி இருக்க வேண்டும் என்று எவன் சொன்னான்?

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். ஹார்ன்பி பெட்டியில் ஓ.ஓ. என்றிருக்கும், லீமாவின் ஐரோப்பிய வண்டிகளில் எச்.ஓ. என்றிருக்கும். இரண்டும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும். ஆனால் ஓ.ஓ. வண்டி உண்மையில் 76-ல் ஒரு பங்கு, எச்.ஓ. 87-ல் ஒரு பங்கு. இங்கிலாந்தின் நிஜ எஞ்சின்கள் உடம்பு சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் அந்த உடம்பின் 87-ல் ஒரு பங்குக்குள் அடங்கவில்லை, அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் பெரிதாக்கினார்கள். இரண்டையும் ஒரே ரயிலில் கோத்தால் கண்ணுக்கு உறுத்தும்.

அடுத்தது கேடிஎம். இதில்தான் நம்மவர்களுக்குப் பாசம் அதிகம், காரணமும் இருக்கிறது. 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து மண் வெட்டியது, கட்டை போட்டது, கரி அள்ளியது பெரும்பாலும் நம் ஆட்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் யாழ்ப்பாணத்துக்காரர், செந்தூல் பட்டறையில் தமிழ்நாட்டுக்காரர் என்று அந்த நிர்வாகமே பாதி தமிழில் நடந்தது. உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்கு, அப்போது தெலுக் ஆன்சன், 1890-களிலேயே கிளைப் பாதை வந்துவிட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத்தைப் பேராக் ஆற்றுத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அதைப் போட்டார்கள். வெள்ளீயமும் துறைமுகமும் படுத்த பிறகு அந்தப் பாதையும் மூடிவிட்டது. இன்று தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள், ரயில் வந்த ஊர் என்று சொன்னால் இளசுகள் நம்புவதில்லை.

உங்கள் வயதுக்காரர் பார்த்திருக்கக்கூடிய எஞ்சின்கள்: 1957-ல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி கொடுத்த 20-ஆம் வகுப்பு டீசல், மொத்தம் 26. பிறகு 1971-ல் வந்த 22-ஆம் வகுப்பு, 1983-ல் ஹிட்டாச்சியின் 23-ஆம் வகுப்பு. நீராவி எஞ்சின் என்றால் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1938-லிருந்து கட்டித் தந்த 56-ஆம் வகுப்பு. அது உங்கள் அப்பாவின் ரயில்.

இதை மாதிரியாகச் செய்வதில் ஒரு தொல்லை. நம் ரயில் மீட்டர் பாதை, தண்டவாளத்தின் இரு கம்பிக்கும் இடையே ஆயிரம் மி.மீ. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்காகச் செய்தது. எச்.ஓ. அளவில் மீட்டர் பாதை வேண்டுமென்றால் ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வருகிறது, அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் போடுவார்கள். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களும் மீட்டர் பாதைதான் என்பதால் அவர்களுக்காகச் செய்த தண்டவாளம் நமக்கும் உதவும். ஆனால் அதில் ஓடும் சுவிஸ் எஞ்சினின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதன் அடிப்பாகத்தை எடுத்து மேலே கேடிஎம் உடம்பு மாட்டுவதற்கு நல்ல கைப்பழக்கமும் வேண்டும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நியூசிலாந்து, குவீன்ஸ்லாந்து பக்கத்துப் பாதை 1067 மி.மீ., நம்முடையதைவிடக் கொஞ்சம்தான் அகலம். அவர்கள் சாதாரண 16.5 மி.மீ. தண்டவாளத்தையே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் 64-ல் ஒரு பங்காகக் கட்டுகிறார்கள். நமக்கு அது இம்மி அகலமாகத் தெரியும், யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கப் போவதில்லை. இதில் இன்னொரு லாபம், 1:64 என்பது ஹாட் வீல்ஸ், டொமிக்கா மாதிரி பொம்மைக் கார்களின் உத்தேச அளவு. ஸ்டேஷன் வாசலில் நிறுத்த வண்டிக்குப் பஞ்சமே வராது. பல ஹாட் வீல்ஸ் காரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மலேசியா என்றே குத்தியிருக்கும்.

தாப்பா ரோட்டை மாதிரியாகச் செய்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: தோக்கன் வளையம். ஒற்றைப் பாதை என்பதால் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் ஒரே துண்டில் நுழையாதபடி, அந்தத் துண்டுக்குரிய தோக்கனைப் பெரிய வளையத்தில் மாட்டி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். நிற்காத ரயில் என்றால் ஓடும்போதே ஒரு கையால் பழைய வளையத்தை வீசிவிட்டு மறு கையால் புதியதைப் பிடிப்பான். இரட்டைப் பாதையும் மின்கம்பியும் வந்து, 2010-ல் இடிஎஸ் மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு மேற்குக் கரையில் அந்தக் காட்சி போய்விட்டது. 1:64-ல் அந்த வளையத்தை மெல்லிய செப்புக் கம்பியில் வளைத்து ஒரு பொம்மை ஆள் கையில் மாட்டிவிட்டால், எஞ்சின் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இது நம்ம ஊர் ஸ்டேஷன் என்று தெரிந்துவிடும்.

இனி அந்த மூன்றாவது ரயில். நான் உங்களுக்குச் சொல்வது இதைத்தான் செய்யுங்கள் என்று.

தோட்டத்துக்குள் ஏன் ரயில் வந்தது? லோரி ஓட்ட ரோடு போட்டால் போதாதா? கீழ்ப் பேராக் மண் களிமண்ணும் கரிமண்ணும். மழை பெய்தால் லோரி அச்சு வரை இறங்கிவிடும். இலேசான தண்டவாளத்தைக் கட்டைமேல் போட்டால் பாரம் பரவி நிற்கும். இரண்டாவது காரணம் பழம். செம்பனைக் குலையை வெட்டிய நேரத்திலிருந்து, அடிபட்ட இடத்திலெல்லாம் எண்ணெய் கெடத் தொடங்கிவிடும், புளிப்பு ஏறும். அதனால் ஒரு நாளுக்குள் மில்லுக்குப் போய் ஆவியில் வேக வேண்டும். லோரியில் ஏற்றி, கொட்டி, மறுபடி அள்ளினால் அடி மேல் அடி. ரயிலில் அந்தத் தொல்லை குறைவு. துளை போட்ட இரும்புக் கூண்டில் குலையை ஏற்றினால், அந்தக் கூண்டு அப்படியே தண்டவாளத்தில் உருண்டு போய் மில்லின் நீள உருளைக் கொதிகலனுக்குள் நுழையும். கதவை மூடி மூன்று பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவி. மறு வாசல் வழியாக வெந்த பழமாக வெளியே வரும். வயலிலிருந்து கொதிகலன் வரை அதே கூண்டு, அதே சக்கரம்.

1906-ல் டென்மார்க்காரர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டாரட்டா ரப்பர் கம்பெனியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய யுனைடெட் பிளான்டேஷன்ஸ். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய சிறுரயில் இன்னும் குலை இழுக்கிறது. மற்ற பல தோட்டங்களில் டிராக்டரும் லோரியும் வந்து தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்புக்கு விற்றுவிட்டார்கள், மிஞ்சியது வேலிக் கம்பமாகவும் வாய்க்கால் பாலமாகவும் நிற்கிறது. ஆகவே நீங்கள் மாதிரி செய்யப்போகும் சாமானை நேரில் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்து ரயில் சேர்ப்பவனுக்கு இந்த வசதி கிடையாது.

அளவு இங்கே கச்சிதமாக விழுகிறது. நம் தோட்டத்துச் சிறுரயிலின் பாதை 700 மி.மீ. பொம்மைக் கடை 16.5 மி.மீ. தண்டவாளத்தை எடுத்து 43.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 718 வரும். அதாவது ஓ அளவு என்று சொல்லும் 1:43.5-ல் உடம்பைக் கட்டினால், உலகத்திலேயே மலிவாகக் கிடைக்கும் தண்டவாளம் உங்கள் தோட்டத்துத் தண்டவாளமாக ஆகிவிடுகிறது. 1:43 பொம்மைக் கார், லோரி எல்லாம் கூட நிற்கும். அளவு பெரிது என்பதால் ஐம்பது வயதுக் கண்ணுக்கும் விரலுக்கும் சுகம். ‘என்’ (N) அளவுச் சிறுரயிலை, அதுதான் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவதை, வயதான பிறகு தொடங்க வேண்டாம் என்பேன். ஒரு திருகு தரையில் விழுந்தால் அன்றைய பொழுது அதோடு போய்விடும்.

எஞ்சினுக்கு ஹார்ன்பி தொடக்க செட்டில் வரும் நாலு சக்கர எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கி உடம்பைக் கழற்றிவிடுங்கள். அடிப்பாகம் மட்டும்தான் வேண்டும். தோட்டத்து லோக்கோவின் உடம்பு எளிது: முன்னால் ஒரு பெட்டி, பின்னால் நாலு கால் வைத்த கூரை, பக்கம் திறந்தது. பிளாஸ்டிக் அட்டையில் இரண்டு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். அந்த நாலு சக்கர எஞ்சின்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், திருகைத் தொட்டதும் பாயும். தோட்டத்து ரயில் ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் அதிகம். எனவே செட்டோடு வந்த மின்பெட்டியை ஒதுக்கிவிட்டு, துடிப்பு முறையில் மின்சாரம் விடும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மின்னணு உதிரிச் சாமான் விற்கும் கடைகளில் 12 வோல்ட் மோட்டாருக்கென்று சின்னதாகவே கிடைக்கும்.

குலை செய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. வளர்ந்த குலை நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் இருக்கும், இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். களிமண்ணை அந்த அளவுக்கு முட்டையாக உருட்டி, பசை தடவி, கசகசாவில் புரட்டி எடுங்கள். கடுகில் புரட்டினால் பழம் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். கசகசா மணி ஒரு மில்லிமீட்டர், 43.5-ஆல் பெருக்கினால் நாலு சென்டிமீட்டருக்கு மேல், செம்பனைப் பழம் அவ்வளவுதான். காய்ந்ததும் அடியில் ஆரஞ்சு, மேலே கருஞ்சிவப்பு, நடுநடுவே முள்ளுக்குப் பழுப்புப் புள்ளி. ஒரு கூண்டுக்குச் சில டஜன் ஆகும். டிவி பார்த்துக்கொண்டே உருட்டலாம், வீட்டில் கேலி செய்பவர்களையும் இந்த வேலையில் இழுத்துவிடலாம்.

மரத்தில்தான் கணக்கு உதைக்கும். தோட்டத்தில் செம்பனையை ஒன்பது மீட்டர் முக்கோணத்தில் நடுவார்கள், இந்த அளவில் இருபது சென்டிமீட்டருக்கு ஒரு மரம். மட்டை ஆறேழு மீட்டர், அதாவது பதினைந்து சென்டிமீட்டர். ஒரே மரத்தின் தலை முப்பது சென்டிமீட்டர் விரிந்தால் உங்கள் பலகையில் பத்து மரத்துக்கு மேல் நிற்காது. நான் சொல்லும் வழி: முன்வரிசையில் மூன்று, நாலு மரத்தை அடிமரத்தோடு மட்டும் நிறுத்துங்கள், தலை பலகைச் சட்டத்துக்கு மேலே போய் மறைந்துவிடட்டும். உள்ளே நின்று பார்ப்பவனுக்குத் தோட்டம் அப்படித்தான் தெரியும், வரிசை வரிசையாக மரக்கால்களும் இருட்டும். பின்னால் நீங்களே எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டுங்கள். தரையில் கிடக்கும் வெட்டிய மட்டைக்குத் தென்னை ஈர்க்கின் நுனியை நடு நரம்பாக வைத்துப் பச்சைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினால் சரியாக வரும். வரிசைக்கு வரிசை அந்த மட்டைக் குவியல், கரும்பழுப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், எலிக்காகக் கம்பத்தில் வைக்கும் ஆந்தைக் கூண்டு. இந்த மூன்று இருந்தால் செம்பனைக்குள் வளர்ந்த எவனும் பார்த்தவுடன் தன் தோட்டத்தின் பெயரைச் சொல்வான்.

நடுவில் ஒன்று. ஜப்பானியக் காட்டோ கம்பெனியின் ‘என்’ (N) அளவு வண்டிகளில் சி56 என்றொரு அழகான சின்ன நீராவி எஞ்சின் உண்டு, மீட்டர் பாதை என்று தேடினால் கண்ணில் படும். நிஜத்தில் அந்த வகையில் 90 எஞ்சினை மீட்டர் பாதைக்கு மாற்றித்தான் போரின்போது ஜப்பானியர் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். சயாம் மரண ரயில் பாதையில் ஓடியது அதுதான். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. கட்டையும் கல்லும் சுமக்கத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன நம் ஆட்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தம்பின்–மலாக்கா பாதையின் தண்டவாளத்தைக்கூட அங்கே போடத்தான் பிடுங்கிப் போனார்கள். வாங்காதே என்று சொல்லவில்லை, என் அலமாரியிலேயே ஒன்று இருக்கிறது. யாராவது கேட்டால் கதையையும் சேர்த்துச் சொல்வேன்.

பழைய சாமான் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால். எஞ்சினைத் திருப்பி உலோக அடிப்பாகத்தைப் பாருங்கள். மயிர்க்கோடு போல வெடிப்போ, உப்பிய மூலையோ தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோன வார்ப்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கும், அதற்கு மருந்து இல்லை, நம் ஈரத்தில் இன்னும் வேகமாகப் போகும். சக்கரம் சுழலாமல் இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும், துடைத்து ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். சக்கரத்தில் போடும் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மார்க்லின் வண்டி பழையது ஏசி மின்சாரத்தில் ஓடுவது, மற்றவை டிசி. ஒன்றை மற்றதன் தண்டவாளத்தில் வைத்து மோட்டாரை எரித்துவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இன்னும் இரண்டு. இங்கிலாந்து மின்பெட்டி நம் 230 வோல்ட்டுக்கும் மூன்று முள் பிளக்குக்கும் அப்படியே பொருந்தும். ஜப்பானியது 100 வோல்ட், அமெரிக்கன் 120. அதை நேராகச் சுவரில் சொருகினால் புகைதான். பிறகு வரி: 500 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் விலையுள்ள சாமானை ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வாங்கினால் 2024 ஜனவரியிலிருந்து பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு. அஞ்சல் செலவோடு அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.

அறையைப் பற்றி. காலி அறை ஜிங்க் கூரைக்கு நேர் கீழே, மேற்குச் சுவரோடு இருந்தால் வேண்டாம், மத்தியானச் சூட்டில் பிளாஸ்டிக் உடம்பு வளையும். பிளைவுட் பலகைக்கு அடியிலும் ஓரத்திலும் பெயிண்ட் அடித்து மூடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உப்பித் தண்டவாளம் நெளியும். கறையான் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டாத வண்டிகளைக் கேமரா வைக்கும் உலர் பெட்டியில் வைப்பது நல்லது, முடியாவிட்டால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். பழைய பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைத் தூக்கி எறியுங்கள், நம் சூட்டில் அது பிசினாகி வண்டியின் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். அட்டைப் பெட்டியை ராமபாணப் பூச்சி தின்னும், கரப்பானும் விடாது. தண்டவாளம் கறுத்தால் பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், அந்தக் கீறலில்தான் அடுத்த மாத அழுக்கு உட்காரும்.

காசு திரும்புமா என்றால், திரும்பாது என்று நினைத்துக்கொண்டே செலவு செய்யுங்கள். அரிதான மாடல், பெட்டியோடு, கை படாமல் இருந்தால் சிலவற்றுக்கு விலை ஏறும். சாதாரணச் செட்டுகளைத் தேடியவர்களுக்கு வயதாகி, அவர்கள் வீட்டுச் சேகரிப்பே இப்போது விற்பனைக்கு வருகிறது. வாங்குபவரைவிட விற்பவர் கூடினால் விலை எங்கே போகும்? நீங்களே கட்டிய தோட்டத்து லோக்கோவுக்குச் சந்தையில் ஒரு வெள்ளிகூட மதிப்பு இருக்காது. அதனால்தான் அதை யாரும் உங்களிடம் விற்கச் சொல்லித் தொந்தரவு செய்யவும் மாட்டார்கள்.

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்: 16.5 மி.மீ. தண்டவாளம் இரண்டு மீட்டர், பழைய நாலு சக்கர எஞ்சின் ஒன்று, மின்பெட்டி, கதவு நீளத்துக்கு ஒரு பலகை. வட்டம் வேண்டாம், ஒரு முனையில் வயல், மறு முனையில் மில் கொதிகலனின் கதவு, நடுவில் குலை போகட்டும். கூண்டின் நீள அகலத்தை உங்கள் பக்கத்தில் ஓடும் நிஜ வண்டியிலேயே, தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டு, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். லோக்கோ ஓட்டிய பழைய ஆட்கள் யாராவது தாமானில் இருந்தால் நிறத்தையும் கேட்டு வையுங்கள். ஒருவர் பச்சை என்பார், இன்னொருவர் மஞ்சள் என்பார். இரண்டுமே சரியாக இருக்கும், ஏனென்றால் பட்டறையில் அந்த மாதம் எந்த பெயிண்ட் மிச்சம் இருந்ததோ அதைத்தான் அடித்தார்கள்.